ஆளில்லாத உடுப்பு

ஆண்டு நினைவு விழாவுக்கு முந்தின நாள் காலையில் செயலாளர் வந்து முன்கதவைத் திறந்தாள். பூட்டு கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுத்தான் வழிக்கு வந்தது. மறைந்த படைவீரர் நினைவு அறக்கட்டளை என்று வெளியே பலகை என்னவோ பெரிதாகத்தான் தொங்கும். உள்ளே நுழைந்தால் பழைய சலவைக்கடைக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். பாச்சை உருண்டை, பித்தளை பாலிஷ், ஈரம் உலராத கம்பளி எல்லாம் கலந்த ஒரு நெடி. வருஷக்கணக்கில் அதிலேயே கிடந்தவளுக்கு அந்த நெடி மூக்கில் ஏறுவதே இல்லை.

அன்றைக்கு வேறொன்று ஏறியது.

சேற்று வாசனை. இப்போதுதான் மிதித்த, புதுச் சேறு.

மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது. குனிந்து தரையைப் பார்த்தாள். தரை துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. நிமிர்ந்தபோதுதான் கூடத்தின் நடுவில், பலகை மேடைமேல் நின்ற பொம்மையைக் கவனித்தாள். நேற்று மாலை அதை வாசலைப் பார்த்து நேராக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது பூட்ஸ் இரண்டும் கொல்லைக் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கோட்டு சன்னல் பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. தொப்பி மாடிப்படியைப் பார்த்தது. இடுப்பு பெல்ட்டின் பித்தளைக் கொக்கி முதுகுப் பக்கம் போய்விட்டிருந்தது. ஒரே உடம்பு, ஆளுக்கொரு திசையில் கிளம்பப் பார்த்த மாதிரி.

தையல்கார அக்காவின் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பது? காலங்கார்த்தாலே வேறு எதையும் நினைக்க யாருக்கும் தோன்றாது.

இந்தப் பொம்மை வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். படையில் இருந்து செத்துப்போனவர்களின் குடும்பங்கள் பெட்டியில் வைத்திருக்கும் சாமான்களைக் கொண்டுவந்து இங்கே ஒப்படைப்பார்கள். சட்டை, பதக்கம், தண்ணீர்க் குப்பி, ஒற்றைக் கையுறை. இவர்கள் அதையெல்லாம் தட்டிச் சுத்தம் பண்ணி, யாருடையது என்று சீட்டு கட்டி, கண்ணாடிக்குள் வைப்பார்கள். ஒருத்தர் சாமானில் இன்னொருத்தர் பேர் ஏறக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. விதியைப் போட்டதே செயலாளர்தான். போன மழையில் சாமான் அறையின் கூரை ஒழுகி, மூலையில் இருந்த பெட்டிகளில் சீட்டெல்லாம் கூழாகிவிட்டது. மற்றதையெல்லாம் எப்படியோ அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒரு கோட்டு, ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு தொப்பி, ஒரு பெல்ட்டு, இந்த நாலு மட்டும் யாருடையது என்று சொல்ல ஆளில்லை. நாலும் நாலு பெட்டியில் கிடந்தவை. நாலு வேறு ஆட்களுடையவை.

"ஆளில்லாத சாமானை வெச்சு ஒரு ஆளையே பண்ணிட்டா என்ன?" என்று தலைவர் கேட்டார். தலைவர் ஓய்வு பெற்ற மேஜர். எல்லாரும் மேஜர் என்றே கூப்பிடுவார்கள். காது மந்தம், குரல் மட்டும் இன்னும் மைதானத்தில் நிற்கிற குரல். "கூடத்துல முழு உடுப்போட ஒருத்தன் நின்னா பாக்க எடுப்பா இருக்கும்ல."

எடுப்பாகத்தான் இருந்தது. மூடிய துணிக்கடை ஒன்றிலிருந்து பொம்மையை வாங்கி வந்து, நாலு பேர் சாமானையும் அதற்கு மாட்டினார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கோட்டின் நெஞ்சில் பெயர்ப்பட்டை குத்தும் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடம் செயலாளரைப் பாடாய்ப் படுத்தியது. அவளுடைய அண்ணன் படைக்குப் போனவன். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் எல்லைப் பக்கம் எங்கேயோ காணாமல் போனான். உடம்பு வரவில்லை, பெட்டி வரவில்லை, ஒரு சட்டைப் பொத்தான்கூட வரவில்லை. அம்மா இன்றைக்கும் தெருவில் எந்த வண்டி நின்றாலும் படுக்கையிலிருந்து எழுந்துவிடுவாள். எழுபதைத் தாண்டிய உடம்பு, தூக்கமில்லாமல் குச்சியாக இளைத்துவிட்டது. இத்தனை பேருடைய பிள்ளைகளின் நினைவைத் துடைத்துத் துடைத்து வைக்கிற மகளுக்குத் தன் வீட்டுப் பிள்ளைக்காக வைக்க ஒரு நூல்கூட இல்லை. அந்த வயிற்றெரிச்சல் அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

அண்ணன் பேரைப் பித்தளைப் பட்டையில் வெட்டி வாங்கிவந்து கோட்டில் குத்தினாள்.

மேஜர் பார்த்தார். "விதி போட்டது நீங்கதானே செக்ரட்டரியம்மா?"

"அம்மாவுக்காகத்தான் சார். தொட்டுப் பாக்க அவங்களுக்கு ஒண்ணு வேணும். ஒரு நாளைக்கு மட்டும்."

மேஜர் மீசையை நீவினார். "ஒரு நாளைக்குன்னா சரி" என்றார். பெரிய மனுஷர்கள் பண்ணுகிற தப்பெல்லாம் இப்படி ஒரு நாளைக்கு மட்டும்தான் ஆரம்பிக்கும்.

அம்மாவிடம் அண்ணன் உடுப்பு கிடைத்துவிட்டது என்று சொன்னாள். அம்மா அழவில்லை. "அப்போ அவன் பேரையும் கூப்பிடுங்க. வரானா பாக்கறேன்" என்றாள்.

பேர் கூப்பிடுவது என்பது அறக்கட்டளையின் வழக்கம். ஆண்டுக்கொரு தடவை, படையில் காலையில் ஆள் சரிபார்க்கிற மாதிரியே, இறந்தவர்களின் பேரை மேஜர் ஒவ்வொன்றாக உரக்கக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காக நிறுத்துவார். பதில் வராது. அந்த மௌனம்தான் மரியாதை. அண்ணன் பேரை இதுநாள்வரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. செத்தவர்கள் வரிசையில் என் பிள்ளை பேரைச் சேர்க்காதே என்று அம்மா தடுத்து வைத்திருந்தாள்.

அன்றைக்குக் காலையில் பொம்மையைத் திருப்பி நேராக்கிக்கொண்டிருக்கும்போதே தையல்கார அக்கா வந்து சேர்ந்தாள். கிழிசல் தைக்க வாரத்தில் பாதி நாள் வருகிறவள். வாய் ஓயாது. முதல் நாள் பொம்மைக்கு அவள் மாப்பிள்ளை என்று பேர் வைத்து, மாப்பிள்ளைக்கு இடுப்பே இல்லை, பெல்ட்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று ஒரே கேலி. இன்றைக்கு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நேத்து நீங்க திருப்பி வெச்சீங்களாக்கா?"

"நான் தொடவே இல்ல மேடம்."

"சரி, உள்ள வாங்க. கோட்டுக் கையைச் சுருக்கணும்னீங்களே."

"சுருக்கிட்டேன். மூணு தடவை சுருக்கிட்டேன். மறுபடி மறுபடி பிரிஞ்சுக்குது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், அந்தக் கைக்குள்ள வெதுவெதுன்னு இருக்கு. இப்பதான் யாரோ கையை உருவிட்டுப் போன மாதிரி."

"வெயில் பட்டிருக்கும்."

"வெயில் பேசுமா மேடம்?"

செயலாளர் அவளைப் பார்த்தாள்.

"கூட்டமான பஸ்ல நிப்போம்ல, அப்ப ஒருத்தர ஒருத்தர் தள்ளு தள்ளுன்னு முனகிக்குவாங்களே. அந்த மாதிரி. ரொம்ப மெதுவா. பொத்தானுக்குக் காஜா எடுக்கறப்ப நெஞ்சுகிட்ட காதை வெச்சுட்டேன், அப்ப கேட்டுச்சு." அக்கா தன் கத்தரிக்கோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு விழாவுக்கு வரேன், கடைசி வரிசைல உக்காந்துக்கறேன். இத மட்டும் இனிமே தொட மாட்டேன்."

போயே போய்விட்டாள். செயலாளருக்குக் கோபம்தான் வந்தது. தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, நாற்காலி வரவில்லை, ஒலிபெருக்கிக்காரன் போனை எடுக்கவில்லை, இந்த நேரத்தில் இவள் ஒருத்தி.

ஆனால் கோபமும் நிலைக்கவில்லை. எந்த வேலையிலும் இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று மறந்து இறங்கினாள். கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்ததையே மறுபடி துடைத்தாள். பொம்மைக்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை.

மத்தியானம் மின்சாரம் போயிற்று. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வெளியே வெயில் கண்ணைப் பறித்ததில் கூடம் இன்னும் இருட்டாகத் தெரிந்தது.

அப்போது முதல் பொத்தான் கழன்றது.

சின்னச் சத்தம்தான். பித்தளை துணியைவிட்டு நழுவுகிற சத்தம். பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. புழுங்குகிற வண்டியில் உட்கார்ந்திருக்கிறவன் காற்றுக்காகக் கோட்டைத் திறந்துவிடுகிற மாதிரி, நிதானமாக.

சேற்று வாசனை வந்தது. அதோடு புகையிலை வாசனை. அதன்மேல் தலைக்குத் தடவுகிற எண்ணெய் வாசனை. ஒன்று மற்றொன்றோடு ஒட்டவில்லை.

செயலாளர் கதவைப் பார்த்தாள். ஆனால் ஓடத் தோன்றவில்லை. பயத்துக்கு அடியில் ஒரு ஆசை இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை. ஒருவேளை, ஒருவேளை அவனாகவே இருந்துவிட்டால்?

"அண்ணா?" என்றாள்.

பொத்தான் சத்தம் நின்றது.

"அண்ணா, நீயா?"

"நான்தான்" என்றது கோட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான்தான்" என்றது பூட்ஸ் பக்கமிருந்து, கட்டையான இன்னொரு குரல்.

"தள்ளு. நான்தான்." இது தொப்பிக்கு அடியிலிருந்து. வயசுப் பையன் குரல்.

"எனக்கு. அந்தப் பேர் எனக்கு" என்றது பெல்ட்டுப் பக்கமிருந்து நாலாவது குரல்.

நாலு பேரும் வரிசையாக அவள் அண்ணன் பேரைச் சொன்னார்கள். ஒருத்தனுக்கும் அது வாயில் பழகவில்லை. கடன் வாங்கிய சட்டையைப் போட்டுப் பார்க்கிற மாதிரி சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள்.

அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. பேர் கரைந்துபோன நாலு பேர். எந்த வீட்டுக்குத் திரும்புவது என்று தெரியாத நாலு பேர். அவர்களுக்கு நடுவில் கொண்டுபோய் ஒரு பேரைக் குத்தி வைத்திருக்கிறாள்.

ஓடிப்போய்ப் பட்டையில் கை வைத்தாள். துணி சுட்டது. ஊசி முனை விரலில் ஏறியது. கழற்றிவிட வேண்டியதுதான், இதோ கழற்றிவிடலாம். கைப்பேசி அடித்தது.

அம்மா.

"ஏண்டி, நாளைக்கு எந்தத் துணி கட்டிக்கட்டும்? அந்தப் பச்சை நல்லா இருக்குமா? அவன் வாங்கித் தந்தது." குரலில் இத்தனை வருஷமாக இல்லாத ஒரு தெளிவு. "நேத்து நல்லாத் தூங்கினேன் தெரியுமா. காலைல வெயில் வந்தப்புறம்தான் முழிச்சேன்."

செயலாளர் பட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"பச்சையே கட்டிக்கோம்மா" என்றாள்.

நாளைக்கு ஒரு நாள். விழா முடிந்த கையோடு கழற்றிவிடலாம். பொத்தான்களைத் திரும்பப் போட்டாள். ஒவ்வொன்றாக, கண்ணை மூடிக்கொண்டு.

மறுநாள் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள், ஊன்றுகோலோடு சில பழைய வீரர்கள். தையல்கார அக்கா சொன்னபடி கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். அம்மா முதல் வரிசையில், பச்சைப் புடவையில், பொம்மையின் நெஞ்சில் இருந்த பேரையே பார்த்தபடி. செயலாளர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. ஒலிபெருக்கி ஒயரைச் சரிசெய்கிற சாக்கில் பொம்மைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள்.

மேஜர் பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு பேர், ஒரு மௌனம். ஒரு பேர், ஒரு மௌனம். நாற்காலிகள்கூட முனகவில்லை. கடைசியாக அண்ணன் பேர்.

மேஜர் கூப்பிட்டார்.

மௌனம்.

செயலாளர் அம்மாவைப் பார்த்தாள்.

"வந்துட்டேன் ஐயா."

மேஜர் தலையைத் திருப்பினார். காது மந்தமான மனுஷருக்கே கேட்டுவிட்டது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. கூட்டத்தில் யாரோ பழைய வீரர் மனசு தாங்காமல் பதில் சொல்லிவிட்டார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. தையல்கார அக்கா எழுந்து வெளியே போய்விட்டிருந்தாள்.

அம்மா மேடைக்கு நடந்து வந்தாள். கோட்டின் கையைப் பிடித்தாள். காலியான கை அது, ஆனால் அவள் விரல்கள் எதையோ பற்றிக்கொண்ட மாதிரி மடங்கியிருந்தன.

"எவ்வளவு நேரம்தான் நிப்ப" என்றாள் மெதுவாக. "வா, வீட்டுக்குப் போலாம்."

மேஜர் அம்மாவைத் தன் காரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாரும் கலைந்ததும் செயலாளர் பொம்மையிடம் வந்தாள். பட்டையைக் கழற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. கோட்டு சில்லென்று இருந்தது. சேறு இல்லை, புகையிலை இல்லை, எண்ணெய் இல்லை. தோளைத் தொட்டதும் பொம்மை காற்றில் ஆடுகிற மாதிரி லேசாக ஆடியது. வெறும் துணிக்கடைப் பொம்மை. கோட்டு, பூட்ஸ், தொப்பி, பெல்ட்டு எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து மூடினாள். விட்டது தொல்லை என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதாள். அழுதது நல்லதாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. மேஜரின் கார் இல்லை.

படியில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறியது. சேறு.

அம்மா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கில்லை.

"சத்தம் போடாத" என்றாள் அம்மா. "இப்பதான் படுத்தாங்க."

"யாரும்மா?"

"பசங்க." அம்மா கையை விரித்துக் காட்டினாள். "நாலு பேர். பாவம், ஒருத்தனுக்கும் வீடு எங்கன்னு ஞாபகம் இல்லையாம். நான் வான்னு கூப்பிட்டேனாம், வந்துட்டாங்க. கூப்பிட்டவ எப்படிப் போன்னு சொல்றது?"

செயலாளர் உள்ளறைப் பக்கம் ஒரு அடி வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளறையில் கட்டில் முனகியது. ஒருத்தர் புரண்டு படுத்த கனமில்லை அது.

"அம்மா, அது அண்ணன் இல்லம்மா."

"தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் விளக்கைப் பிடிச்சுப் பாத்தேன். அதுல எம் பையன் இல்ல." அம்மாவின் குரல் இடறியது. "அவனும் வந்தானாம்டி."

"எங்க?"

"அங்கதான். விழாவுக்கு. பேரைக் கூப்பிட்டதும் வாசல் வரைக்கும் வந்துட்டானாம். இந்தப் பசங்கதான் சொல்றாங்க, அவங்க கண்ணால பாத்திருக்காங்க. அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள இவங்கள்ல ஒருத்தன் வந்துட்டேன்னு சொல்லிட்டான். நான் வேற இவங்க கையைப் பிடிச்சுட்டேன். அவன் வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தானாம். சரி, நம்ம இடத்துல வேற ஆள் வந்தாச்சுன்னு திரும்பிட்டானாம்."

அவள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"அவன் பேரை எடுத்து இன்னொருத்தனுக்குக் குத்தினது யாருடி?"

செயலாளர் வாசலுக்குத் திரும்பினாள். செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாள். இந்தக் கோடி வெறிச்சென்று கிடந்தது. அந்தக் கோடியில், விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், நெட்டையாக யாரோ நடந்துபோகிற மாதிரி இருந்தது. முதுகு தெரிந்தது. தோளைச் சாய்த்து நடக்கிற நடை தெரிந்தது. அவள் அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அந்த உருவம் நின்றது.

திரும்பிப் பார்க்கப் போனது.

அதற்குள் அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, நாலு குரல்கள் ஒன்றாகப் பதில் சொல்லிவிட்டன.

"இதோ, இங்கதான் இருக்கேன்."